குழந்தைகளுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு: பயிற்சியாளர் எங்கே நிற்கிறார்?

குழந்தைகளுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பை மதிப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் கூடத்தின் பரப்பையும், கருவிகளின் புதுமையையும், சுவரில் மாட்டியிருக்கும் பதக்கப் படங்களையும் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இவை எதுவும் வீண் அல்ல. ஆனால் வகுப்பு நன்றாக நடக்கிறதா என்பதை இவை சொல்வதில்லை. அதை அறிய இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும் என்பது என் கருத்து: ஒரு குழந்தை எவ்வளவு நேரம் வரிசையில் சும்மா நிற்கிறது, பயிற்சியாளர் கூடத்தின் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார். சில காலம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவன் என்ற முறையிலும், ஏழு வயது மகளை இப்போது ஒரு வகுப்புக்கு அனுப்புகிற தகப்பன் என்ற முறையிலும் அந்த வகுப்பைப் பற்றிய என் மதிப்பீட்டை எழுதுகிறேன். ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள தொடக்கநிலைக் குழந்தைகளுக்கான ஒரு மணி நேர வகுப்பு அது; போட்டிக்குத் தயார் செய்யும் வகுப்பு அல்ல. ஒரு தலைமைப் பயிற்சியாளரும் அவருக்குத் துணையாக ஓர் இளம் பயிற்சியாளரும் பதினாறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த வகுப்பின் தரம் குழந்தைகள் உள்ளே வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. முந்தைய வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கும் சில நிமிடங்களில், தலைமைப் பயிற்சியாளர் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு தாளைப் பார்த்து மெத்தைகளை இழுத்துப் போடுகிறார். ஓரங்களிலுள்ள வெல்க்ரோ பட்டைகளை அழுத்தி ஒட்டுகிறார். கடைசியாக, அவற்றின் மேல் தாமே ஒருமுறை வெறுங்காலோடு நடந்து பார்க்கிறார். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே சிறிய இடைவெளி இருந்தாலும், ஓடிவந்து குதிக்கும் குழந்தையின் கால் அதில் இறங்கிக் கணுக்கால் பிசகிவிடும். கண்ணுக்குத் தப்பும் இடைவெளி பாதத்துக்குத் தப்பாது என்பதால்தான் அந்த நடை. சுவரில் இருக்கும் தாள்தான் அன்றைய பாடத் திட்டம். எந்தக் கருவி எங்கே இருக்க வேண்டும், எந்த வித்தையை எந்தப் படிநிலையில் செய்ய வேண்டும், சீக்கிரம் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அடுத்து என்ன கொடுக்க வேண்டும், பயப்படும் குழந்தைக்கு எதை எளிதாக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் கையெழுத்தில் இருக்கிறது. அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள் வேறொருவர் வந்து அதே தாளைப் பார்த்து வகுப்பை நடத்தினார். குழந்தைகளிடம் எந்தத் தடுமாற்றமும் தெரியவில்லை.

உள்ளே வரும் குழந்தை நேராகத் தனக்குரிய வண்ண ரப்பர் வட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கே நிற்பது என்ற கேள்விக்கே இடமில்லாததால் தள்ளுமுள்ளும் இல்லை. வருகைப் பதிவு எடுக்கும்போதே பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிடுகிறார். தலைமுடி இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா, கழுத்தில் சங்கிலி, கையில் வளையல் இருக்கின்றனவா, காலில் காலுறை இருக்கிறதா, வாயில் சூயிங்கம் இருக்கிறதா என்பவையே அந்தப் பார்வையின் நோக்கம். பெயரைக் கூப்பிட்டதும் "இன்னைக்கு எங்கேயாவது வலிக்குதா, கண்ணா?" என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்கிறார். முந்தைய நாள் விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்த ஒரு சிறுவன் இந்தக் கேள்விக்குத்தான் கையை நீட்டிக் காட்டினான். அன்று அவனுக்குக் கையூன்றும் பயிற்சிகள் எதுவும் தரப்படவில்லை, குதிப்பதும், பீம் எனப்படும் ஒடுங்கிய நீள் கட்டையில் நடப்பதுமாக அவன் வகுப்பு கழிந்தது. பெற்றோரிடமும் அதைச் சொல்லி அனுப்பினார்.

நிறுத்து என்ற சைகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் ஒரு தாளத்தில் கைதட்டினால் குழந்தைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். சேர்ந்த புதிதில் இதை ஒரு விளையாட்டாகவே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். நேரத்தை வீணாக்குகிறார்களே என்று பெற்றோர் பார்க்கும் மாடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அப்போது முணுமுணுத்தார். பதினாறு குழந்தைகள் இருக்கும் கூடத்தில் ஒருவருக்கு அடிபட்டால் மற்றப் பதினைந்து பேரும் அடுத்த நொடியே அசையாமல் உட்கார வேண்டியிருக்கும் என்பதையும், அதை அந்த நேரத்தில் கற்றுத்தர முடியாது என்பதையும் எண்ணிப் பார்த்தால் முணுமுணுக்கத் தோன்றாது.

உடலைச் சூடேற்றும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓட்டமும் துள்ளலும், விலங்கு நடைகளும், கை கால்களைச் சுழற்றும் அசைவுகளும் ஏறத்தாழப் பத்து நிமிடங்கள். நீண்ட நேரம் ஒரே நிலையில் இழுத்துப் பிடிக்கும் நீட்சிப் பயிற்சிகளை வகுப்பின் கடைசிக்கு ஒதுக்கியிருப்பது சரியான முடிவு. தசைகள் நன்றாகச் சூடான பிறகு செய்தால்தான் அவற்றுக்குப் பயன் உண்டு, குதிப்பதற்கு முன்னால் அவற்றை நீட்டி வைத்தால் உந்துவிசை சற்றுக் குறையவும் செய்யும். இந்தப் பத்து நிமிடங்களுக்குள்ளேயே முழங்கால்களை நெஞ்சோடு மடக்கும் டக், நீட்டிய கால்களோடு இடுப்பில் மடங்கும் பைக், கால்களை அகல விரிக்கும் ஸ்ட்ராடில், வயிற்றை உள்ளே இழுத்து முதுகைத் தரையோடு அழுத்தும் ஹாலோ ஆகிய உடல் வடிவங்களை விளையாட்டாக நுழைத்துவிடுகிறார்கள். பின்னால் வரப்போகும் வித்தைகள் அத்தனையும் இந்தச் சில வடிவங்களிலிருந்துதான் முளைக்கின்றன.

இந்த வகுப்பில் என்னை மிகவும் கவர்ந்தது, விழுவதற்கும் இறங்குவதற்கும் கொடுக்கும் இடம். முழங்கால் உயரப் பெட்டியின் மேல் ஏறிக் குதித்து, இரண்டு பாதங்களும் இடுப்பு அகலத்தில் ஒரே நேரத்தில் தரையைத் தொட, முழங்கால் மடங்கி, கைகள் முன்னால் நீள, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். இது கிட்டத்தட்ட ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அடுத்தது பின்னால் விழுதல். பின்னால் சாயும்போது கையைப் பின்னே ஊன்றுவது மனித இயல்பு. அப்படி நீட்டி ஊன்றிய கையில்தான் மணிக்கட்டிலும் முழங்கையிலும் எலும்பு முறிகிறது. ஆகவே கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, முகவாயை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்து உருண்டுபோகப் பழக்குகிறார்கள். முதல் முயற்சியில் என் மகளின் கை அனிச்சையாகப் பின்னால் போனது. பயிற்சியாளர் திட்டவில்லை, விளக்கவுரையும் ஆற்றவில்லை. ஒரு சிறிய துணிப்பையை அவள் நெஞ்சில் வைத்து, "இதைக் கட்டிப் பிடிச்சுக்கோ, கீழே விடாதே" என்றார். பையைப் பிடிக்கும் கைக்குப் பின்னால் போக நேரமில்லை. ஒரே ஒரு சொற்றொடர், ஒரே ஒரு பொருள், வேலை முடிந்துவிட்டது. குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரு திருத்தம்தான் தாங்கும் என்பதை அறிந்தவர் செய்யும் வேலை இது.

இனி வரிசைக் கணக்குக்கு வருகிறேன். எட்டுக் குழந்தைகளை ஒரே கருவியின் முன்னால் நிறுத்தி, ஒவ்வொருவரும் செய்துவிட்டுத் திரும்பி வர அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு குழந்தைக்கு நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு வரும். இருபது நிமிடங்களில் ஐந்து வாய்ப்புகள். அதாவது இரண்டரை நிமிட அசைவும், பதினேழரை நிமிடக் காத்திருப்பும். அந்தக் காத்திருப்பில்தான் குழந்தைகள் ஒருவரையொருவர் இடிப்பதும், மெத்தையின் மேல் ஏறி விளையாடுவதும், பார்க்காமல் குறுக்கே ஓடுவதும் நடக்கின்றன. பிள்ளைகள் சொன்னபடி கேட்பதில்லை என்று அலுத்துக்கொள்ளும் பயிற்சியாளர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை வரிசையின் நீளம்தான். நான் முன்பு பார்த்த வேறொரு வகுப்பில் இதே வயதுப் பிள்ளைகள் ஓடிவந்து தாண்டும் ஒரு வால்ட் பெட்டியின் முன்னால் சுவர் வரைக்கும் நீண்ட வரிசையில் நின்றிருந்தார்கள். பயிற்சியாளர் தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தார்.

இங்கே ஒவ்வொரு எட்டுப் பேர் குழுவும் நான்கு இடங்களில் இருவர் இருவராகப் பிரிந்து வேலை செய்கிறது. நான்கில் ஒன்றில் மட்டுமே பெரியவரின் கை தேவைப்படும். மற்ற மூன்றும், குழந்தைகள் ஏற்கெனவே நன்றாகப் பழகியவற்றையோ, தவறினாலும் ஆபத்தில்லாதவற்றையோ கொண்டவை. உதாரணமாக, ஒரு நாள் கம்பியில் ஏறி இடுப்பை ஊன்றி முன்னால் சுழன்று இறங்கும் பயிற்சிக்குப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார். அதே நேரத்தில் சாய்வு மெத்தையில் குட்டிக்கரணம், தரையோடு கிடக்கும் பீமில் நடை, சுவரில் காலை ஏற்றிக் கைகளால் நடந்து மேலே போகும் ஹேண்ட்ஸ்டாண்ட் பயிற்சி ஆகியவை நடந்துகொண்டிருந்தன. ஒவ்வோர் இடத்திலும் படம் வரைந்த அட்டை ஒன்று நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கைதட்டல் கேட்கும், எல்லாரும் ஒரே திசையில் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். போகும் பாதை தரையில் ஒட்டிய நாடாவால் குறிக்கப்பட்டிருக்கிறது. ஓடிவந்து குதிக்கும் தடத்தை அது எங்கேயும் குறுக்கிடுவதில்லை.

பயிற்சியாளர் நிற்கும் இடத்தை நான் வேண்டுமென்றே பல கோணங்களில் கவனித்தேன். கம்பியைக் கூடத்தின் நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்திருப்பதால் அவருடைய முதுகு சுவரைப் பார்த்தும், முகம் கூடத்தைப் பார்த்தும் இருக்கின்றன. ஒரு குழந்தையின் இடுப்பில் கை இருக்கும்போதே, கண் மற்ற மூன்று இடங்களையும் தொட்டு வருகிறது. உதவியாளர் எதிர் மூலையில் நிற்கிறார்; ஆகவே இருவர் கண்ணிலும் படாமல் ஒரு குழந்தையும் இருக்க முடியாது. பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த ஏற்பாடு தற்செயலானது அல்ல. கருவியைச் சற்று வேறு பக்கம் திருப்பி வைத்தால் மொத்தமும் குலைந்துவிடும்.

வித்தைகளைக் கற்றுக்கொடுக்கும் முறையிலும் இதே நிதானம். கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம்போல் சுழலும் கார்ட்வீலைக் கற்கும் குழந்தைக்கு முதலில் மெத்தையில் இரண்டு கைத்தடங்களும் இரண்டு கால்தடங்களும் சாக்பீஸால் வரைந்து கொடுக்கப்படுகின்றன: கை, கை, கால், கால். தொடக்கத்தில் தாழ்வான ஒரு பெட்டியின் மேல் கையூன்றிக் கால்களை மறுபக்கம் தூக்கிப் போட்டால் போதும். பிறகு அதைச் சாய்வு மெத்தையின் மேட்டிலிருந்து இறக்கத்தை நோக்கிச் செய்கிறார்கள், அதன் பிறகுதான் சமதரைக்கு வருகிறார்கள். குட்டிக்கரணத்திலும் இறக்கம் உதவுகிறது. முகவாயை மார்போடு ஒட்டி, உச்சந்தலை தரையில் படாமல் தோள்களின் பின்பகுதியில் உருள வேண்டும் என்பதைச் சரிவு தானாகவே கற்றுக்கொடுத்துவிடுகிறது. பின்பக்கக் கரணத்தில் கைகளால் தள்ளத் தெரியாத குழந்தையின் உடல் எடை முழுவதும் கழுத்தில் இறங்கும் என்பதால், தள்ளத் தெரியும்வரை சரிவு இல்லாமல் அதை இங்கே யாருக்கும் தருவதில்லை. வேகமாக முன்னேறும் ஒரு சிறுமியின் தாய், மகளுக்கு ஏன் இன்னும் சமதரையில் அதைச் சொல்லித்தரவில்லை என்று கேட்டார். தலைக்குமேல் கைகளை ஊன்றித் தன் எடையை அவளால் தாங்க முடிகிற அன்று தருவோம் என்று பதில் கிடைத்தது. தாய்க்கு அதில் திருப்தி இல்லை. எனக்கு இருந்தது.

பீம் விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. போட்டிகளில் பயன்படும் பீம் 5 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இங்கே தரையில் ஒட்டிய கோட்டில் தொடங்கி, அதே அகலமுள்ள தரைபீமுக்கும், பிறகு முழங்கால் உயரப் பீமுக்கும் படிப்படியாகப் போகிறார்கள். அந்த வரிசை சரிதான். ஆனால் பீம் எப்போதும் ஆள் பார்க்காத இடமாகவே அமைந்துவிடுவதால், குழந்தைகள் தலையைக் குனிந்து பாதத்தைப் பார்த்தபடியே நடக்கும் பழக்கத்தை யாரும் திருத்துவதில்லை. பார்வை பீமின் கடைசி முனையில் நிலைத்திருக்க வேண்டும் என்பது முதல் பாடம். மாதத்துக்கு ஒருமுறையாவது பயிற்சியாளரின் இடம் பீமுக்குப் பக்கத்தில் இருந்தால் இது தீர்ந்துவிடும்.

தொட்டுப் பிடிக்கும் முறையைப் பற்றித் தயங்காமல் எழுத வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸில் குழந்தையைத் தொடாமல் கற்றுக்கொடுக்க முடியாது. அதனாலேயே இந்த விளையாட்டில் ஒழுங்கு மீறல்களுக்கும் இடமிருந்திருக்கிறது. அமெரிக்கத் தேசிய அணியின் முன்னாள் மருத்துவர் வீராங்கனைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதற்காக 2018இல் சிறைத்தண்டனை பெற்றார். பிரிட்டனில் 2022இல் வெளிவந்த சார்பற்ற விசாரணை அறிக்கை, வலிக்க வலிக்க உடலை நீட்டச் செய்வதையும் உடல் எடையைச் சொல்லி அவமதிப்பதையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இந்தப் பின்னணியில், ஒரு தொடக்கநிலை வகுப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. இங்கே பயிற்சியாளர் "முதுகிலயும் தொடையிலயும் பிடிக்கப் போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறார், குழந்தை வேண்டாம் என்றால் எளிதான படிநிலைக்கு அனுப்பிவிடுகிறார். கால்களை ஒரே கோட்டில் விரித்து உட்காரும் ஸ்ப்ளிட்டைச் செய்யும் குழந்தையின் தோளை அழுத்தி யாரும் கீழே இறக்குவதில்லை. உடல்வாகைப் பற்றி ஒரு சொல்கூட நான் கேட்டதில்லை. பெற்றோர் உட்காரும் மாடம் எல்லா வகுப்புகளிலும் திறந்திருக்கிறது. பார்க்க அனுமதிக்காத வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கவே கூடாது என்பேன்.

இன்று செய்ய மாட்டேன் என்று சொல்வது இந்த விளையாட்டில் கோழைத்தனம் அல்ல. உலகின் தலைசிறந்த வீராங்கனையான சிமோன் பைல்ஸ், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அணி இறுதிப் போட்டியின்போது, காற்றில் தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வு தப்பிப்போவதை அறிந்து பாதியிலேயே விலகிக்கொண்டார். அவசரமும் தேவையில்லை. ருமேனிய வீராங்கனை நாடியா கொமனேச்சி 1976இல் மாண்ட்ரீலில் ஒலிம்பிக்கின் முதல் முழு 10 புள்ளிகளைப் பெற்றபோது அவருக்கு வயது 14. இன்றைய விதியின்படி அவரால் அந்தப் போட்டியில் இறங்கியிருக்கவே முடியாது. 1997 முதல், அந்த ஆண்டுக்குள் 16 வயதை எட்டும் பெண்களுக்கு மட்டுமே சீனியர் சர்வதேசப் போட்டிகளில் இடம். வளரும் எலும்புகளின் முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை; கையூன்றும் பயிற்சிகளை அளவுக்கு மீறிச் செய்தால் மணிக்கட்டிலும், ஓயாமல் குதித்தால் குதிகாலிலும் முழங்காலிலும் வலி வந்து நிற்கும். இந்த வகுப்பில் கைகளுக்கு வேலை கொடுக்கும் இடத்தை அடுத்துக் கால்களுக்கான இடத்தை வைத்திருப்பதை நான் மிகவும் மெச்சுகிறேன்.

கடைசிப் பத்து நிமிடங்கள்தான் இந்த வகுப்பின் பலவீனம். அதுவரை கட்டிக் காத்த ஒழுங்கைத் தாங்களே கைவிட்டு, பதினாறு பேரையும் ஒரே டிராம்போலின் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும் என்ற விதி கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது, அதில் குறையில்லை. இருவர் சேர்ந்து குதித்தால் எடை குறைந்தவர்தான் தூக்கியெறியப்படுவார். ஆனால் பாதிப் பேர் டிராம்போலினிலும் பாதிப் பேர் நீட்சிப் பயிற்சியிலும் இருந்து, பாதி நேரத்தில் இடம் மாறினால் வரிசை சரிபாதியாகிவிடும், நீட்சிக்கும் உரிய நேரம் கிடைக்கும். இப்போது அது கதவருகில் அவசரமாக முடிகிறது. ஃபோம் துண்டுகள் நிறைந்த குழியில் குதிப்பதற்கும் இதே கருத்துதான். காலாலோ உட்கார்ந்த நிலையிலோ மட்டுமே இறங்கலாம், முன்னால் போனவர் வெளியே வந்த பிறகே அடுத்தவர் என்கிற விதிகள் சரியாக இருக்கின்றன, காத்திருப்புதான் நீளம்.

இன்னொரு குறை, முன்னேற்றத்தைப் பற்றிய தகவல். தாளில் இவ்வளவு குறித்து வைக்கும் பயிற்சியாளர் அதில் ஒரு பகுதியைக்கூடப் பெற்றோருக்குக் காட்டுவதில்லை. கேட்டால் அன்போடு சொல்கிறார், கேட்காதவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் படிநிலை முடிந்தது, அடுத்தது எது, வீட்டில் செய்யக்கூடாதது எது என்று பருவத்துக்கு ஒருமுறை ஒரு சீட்டு கொடுத்தால், பின்பக்கக் கரணம் பற்றிக் கேட்ட அந்தத் தாயின் மனக்குறையும் வந்திருக்காது. வீட்டில் கட்டிலிலிருந்து பல்டி அடித்துக் காட்டும் பிள்ளைகளும் குறைவார்கள். பின்னணி இசையின் சத்தம் சில நாள்களில் கைதட்டலை மூழ்கடிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு சைகையை நம்பி நடக்கும் கூடத்தில் இது அற்பமான புகார் அல்ல.

போட்டி, பதக்கம், ஆறு மாதத்தில் பேக்ஃப்ளிப் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த வகுப்பு ஏமாற்றம் தரும். அவர்கள் முதல் நாளே பயிற்சியாளரிடம் பேசிவிடுவது நல்லது, அவரும் மழுப்பாமல் பதில் சொல்வார். பயந்த சுபாவமுள்ள குழந்தைக்கும், ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும் குழந்தைக்கும் ஒருசேரப் பொருந்தும் வகுப்பு அரிது, இது அப்படிப்பட்டது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று முழுக்க அந்த டிராம்போலின் வரிசைக்கு. சேர்க்க விரும்புகிறவர்கள் வகுப்பின் முதல் கால் மணி நேரத்தையும் கடைசிக் கால் மணி நேரத்தையும் மாடத்திலிருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பிள்ளையை அனுப்பும்போது பொத்தானும் ஜிப்பும் இல்லாத உடலோடு ஒட்டிய உடை, கட்டிய முடி, வெட்டிய நகம், ஒரு தண்ணீர் பாட்டில் போதும். சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துவிடுங்கள், தலைகீழாக நிற்க வேண்டியிருக்கும்.